டிஸ்க் இவ்வளவு மலிவா இருக்கே, எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்க வேண்டியதுதானே?

22.10.2024, காலை 9.15 (வாசகர் கேள்வி)

போலந்துல கிராக்கோ ஊர்ல இந்த வாரம் செப் மாநாடு நடக்குது. துகள் இயற்பியலுக்கும் அணுக்கரு இயற்பியலுக்கும் கணினி வேலை பாக்கிறவங்க கூடுற மாநாடுன்னு சொன்னாங்க. நிகழ்ச்சி நிரலைப் பாத்தேன். டேப், டிஸ்க், ஜிபியு, கிரிட், பைத்தான். துகளைத் தேடித்தான் பிடிக்கணும் போல. வீட்டுக்கே 20 டெராபைட் டிஸ்க் வாங்கி வைக்கிற காலம் இது. எல்லா டேட்டாவையும் எடுத்து வெச்சுட்டு நிதானமா உக்காந்து பாக்க வேண்டியதுதானே? வேலையச் சும்மா பெருசாக்குறாங்கன்னு தோணுது. இந்தத் துறையில இருக்கிறவங்க யாராவது பதில் சொல்லுங்க.

22.10.2024, மதியம் 1.40

நான் சொல்றேன். இருபது வருஷமா இந்த டிஸ்க்கோடதான் குடும்பம் நடத்துறேன்.

கணக்கு போட்டுப் பாத்துடுவோம். ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆராய்ச்சி மையத்துல எல்ஹெச்சின்னு துகள்களை மோத விடுற பெரிய வளையம் இருக்கு. அதுல புரோட்டான் கொத்துகள் நொடிக்கு 4 கோடி தடவை ஒண்ணை ஒண்ணு கடக்குது. அந்த மோதலைப் பதிவு பண்ற சிஎம்எஸ் மாதிரி ஒரு டிடெக்டர்ல ஒரு தடவைக்கான பதிவு சுமாரா 1 மெகாபைட். ஆக நொடிக்கு 40 டெராபைட். உங்க வீட்டு டிஸ்க் அரை நொடி தாங்கும். செர்ன்ல இருக்கிற மொத்த டிஸ்க்கும் சேந்து 2023 செப்டம்பர்லதான் 1 எக்சாபைட்டைத் தாண்டுச்சு, அதாவது பத்து லட்சம் டெராபைட். அதுவும் 7 மணி நேரத்துல ரொம்பிடும். காலைல இட்லி சாப்பிட்டுட்டு ஆரம்பிச்சீங்கன்னா சாயங்காலக் காப்பிக்கு முன்னாடி கடைய மூடணும்.

இது ஒரே ஒரு டிடெக்டருக்கு.

22.10.2024, இரவு 10.05

"அப்போ மீதி எங்க போகுது"ன்னு கேட்டிருக்கீங்க. எங்கயும் போகல, எறிஞ்சுடுறாங்க. இதுக்கு ட்ரிக்கர்னு பேரு. சிஎம்எஸ்ல முதல் கட்டம் முழுக்க ஹார்டுவேர். ஒரு பதிவு வேணுமா வேண்டாமான்னு முடிவெடுக்க சுமார் 4 மைக்ரோ நொடிதான் அவகாசம். அதுல நொடிக்கு 4 கோடிங்கிறது நொடிக்கு 1 லட்சமா குறையும். அடுத்த கட்டத்துல ஆயிரக்கணக்கான சிபியு, இப்போ ஜிபியுவும் சேந்து, அந்த லட்சத்தை சில ஆயிரத்துக்குள்ள கொண்டு வரும். அதுதான் டேப்புக்கு, அதாவது காந்த நாடாவுக்குப் போகும்.

எங்க ஊர்ப் பக்கம் அரிசியைச் சொளகுல போட்டுப் புடைப்பாங்க. எங்கம்மா புடைச்சாங்கன்னா தவிட்டுல ஒரு குருணை விழாது. விழுந்தாலும் கோழி தின்னுட்டுப் போகட்டும்னு விட்டுடுவாங்க. இங்க விழுந்தது திரும்பாது. புதுத் துகள் ஒண்ணு எதிர்பாராத வடிவத்துல வந்து, ட்ரிக்கர் அதைத் தவிடுன்னு நினைச்சுத் தள்ளிடுச்சுன்னா, அப்படி ஒண்ணு வந்துச்சுங்கிறதே யாருக்கும் தெரியாது. அதனால அந்த மாநாட்டுல பாதிப் பேச்சு எதை எறியுறதுங்கிறதைப் பத்தித்தான். உங்க கண்ணுக்கு அது ஜிபியுன்னு தெரியுது.

எல்ஹெச்சிபின்னு இன்னொரு டிடெக்டர்காரங்க எல்ஹெச்சியோட மூணாவது ஓட்டத்துக்கு அந்த ஹார்டுவேர் கட்டத்தையே தூக்கிட்டாங்க. மோதல் எல்லாத்தையும் அப்படியே உள்ள கொண்டு வந்து, முதல் வடிகட்டலை ஜிபியுவுல ஓடுற மென்பொருளே பண்ணுது. பல வருஷமா செப்ல "இதெல்லாம் நடக்குமா"ன்னு இழுத்த விஷயம். நடந்துச்சு.

23.10.2024, காலை 7.30

திருத்தம். ஒருத்தர் நேத்து ராத்திரியே பிடிச்சுட்டார், நன்றி. 4 கோடிங்கிறது கடிகாரத் துடிப்பு. எல்ஹெச்சி வளையத்துல கொத்து உக்கார 3,564 இடம் இருந்தாலும் எல்லாத்தையும் நிரப்ப மாட்டாங்க, வடிவமைப்புப்படியே 2,808தான். அப்போ நொடிக்கு 3 கோடி சொச்சம். என் 7 மணி நேரம் 9 மணி நேரமாகுது. காப்பி குடிச்சுட்டே கடைய மூடுங்க.

23.10.2024, இரவு 11.20

மாநாட்டைப் பத்திக் கேட்டீங்க, நான் டிஸ்க் பத்தியே பேசிட்டிருக்கேன். செப் 1985ல ஆம்ஸ்டர்டாம்ல ஆரம்பிச்சது. இப்பல்லாம் ஒண்ணரை வருஷத்துக்கு ஒரு தடவை, ஊர் மாறி மாறி.

எனக்கு முதல் செப் 2006 பிப்ரவரி, மும்பை. டிஐஎஃப்ஆர், அதாவது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்துச்சு. அப்போ நான் ஆராய்ச்சி மாணவன். சென்னையில அச்சடிச்ச போஸ்டரைச் சுருட்டி, தாதர் எக்ஸ்பிரஸ்ல மேல் பெர்த்துல வெச்சுப் படுத்தேன். ராத்திரி என் காலே அதை நடுவுல மடிச்சிடுச்சு. கொலாபாவுல, கடலைப் பாத்த மாதிரி இருக்கிற வளாகத்துல, நடுவுல மடிப்பு விழுந்த போஸ்டரோட நின்னேன். நரைச்ச தலையோட ஒரு ஐரோப்பியர் வந்தார். என் வரைபடத்தை எல்லாம் விட்டுட்டு மூலையில இருந்த சின்ன அட்டவணையைப் பாத்தார். கணினிக்கு அனுப்பின வேலைகளோட கணக்கு அது. "இத்தனை ஜாப் ஃபெயில் ஆகுதே, என்ன பண்றீங்க?"

"திரும்ப சப்மிட் பண்றோம் சார்."

"நாங்களும் அதேதான்"னு சொல்லிட்டு அடுத்த போஸ்டருக்குப் போயிட்டார். அந்த வாரம் நான் கேட்டதுல உருப்படியான வாக்கியம் அதுதான். மேடையில எல்லாரும் பல ஊர்க் கணினிகளை ஒண்ணா இணைக்கிற கிரிட் பத்தியும் எல்ஹெச்சி 2007ல ஓடும்னும் சொன்னாங்க. எல்ஹெச்சியில முதல் கற்றை சுத்தினது 2008 செப்டம்பர் 10. ஒன்பதே நாள்ல ஹீலியம் கசிஞ்சு நின்னுடுச்சு. மோதல் பாக்க 2009 நவம்பர் ஆச்சு.

24.10.2024, மதியம் 2.15

நேத்து எழுதினதைத் திரும்பப் படிச்சேன். மேடைப் பேச்சு எல்லாம் வீண்ங்கிற மாதிரி இருக்கு. அப்படி இல்ல. செப்ல சொன்ன ஆருடம் தப்பின விதம்தான் எனக்குப் பிடிச்ச கதை. ரெண்டு சொல்றேன்.

ஒண்ணு, நெட்வொர்க். 90களோட கடைசியில எல்ஹெச்சி டேட்டாவை எப்படிப் பங்கு வைக்கிறதுன்னு மொனார்க்னு ஒரு திட்டம் போட்டாங்க. டயர்னா அடுக்கு. செர்ன் டயர்-0. அதுக்குக் கீழ பெரிய மையங்கள் டயர்-1. அதுக்கும் கீழ டயர்-2. நம்ம நாட்டுல சிஎம்எஸ்ஸுக்கு டிஐஎஃப்ஆர், அலிஸ்ங்கிற இன்னொரு டிடெக்டருக்கு கொல்கத்தாவுல விஇசிசி ஆராய்ச்சி மையம். மேல இருந்து கீழ, ரேஷன் கடை மாதிரி. காரணம், கண்டம் தாண்டி நெட்வொர்க் தாங்காதுன்னு பயம். கடைசியில எல்லாத்துலயும் நம்பகமா இருந்தது நெட்வொர்க்தான். இப்போ மேல கீழ எல்லாம் போயி, எந்த மையமும் எந்த மையத்துல இருந்தும் எடுத்துக்கும். வேற ஊர் டிஸ்க்ல இருக்கிற கோப்பை இங்க இருந்தே திறந்து படிக்கலாம்.

ரெண்டாவது பெரிய கதை, ராத்திரி எழுதுறேன். மீட்டிங்.

24.10.2024, இரவு 11.50

ரெண்டாவது, கோப்பு வடிவம். சிரிக்காதீங்க, இதுல மனுஷங்களோட மானம் மரியாதை எல்லாம் இருக்கு.

90கள்ல எல்லாரும் ஃபோர்ட்ரான்ல இருந்து சி பிளஸ் பிளஸ்ஸுக்கு மாறின சமயம். டேட்டாவை எதுல வைக்கிறதுன்னு கேள்வி வந்தப்போ, செர்னோட அதிகாரபூர்வமான போக்கு ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் பக்கம். ஆப்ஜெக்டிவிட்டிங்கிற வணிகப் பொருளை எடுத்தாங்க. உலகமே இனி ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ்தான்னு நம்பிக்கை. அதே சமயம் ரெனே புரூனும் ஃபோன்ஸ் ராடமேக்கர்ஸும் 1995 வாக்குல ஒரு ஓரமா, என்ஏ49ங்கிற கன அயனி சோதனைக்காக டேட்டாவை வைக்கவும் அலசவும் ரூட்னு ஒரு மென்பொருளை எழுத ஆரம்பிச்சாங்க. புரூன் சாதாரண ஆளில்ல. அதுக்கு முன்னாடி ஊரே ஓட்டிட்டிருந்த ஹெச்புக், பிஏடபிள்யூ, ஜியாண்ட்3ங்கிற மென்பொருள் எல்லாத்துலயும் அவர் கை உண்டு. ஆனா அந்தச் சமயத்துல காத்து அவர் பக்கம் அடிக்கல.

1998ல அமெரிக்காவோட ஃபெர்மிலாப் ஆய்வகம் தன் அடுத்த ஓட்டத்துக்கு ரூட்டை எடுத்துச்சு. ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் சந்தை எதிர்பாத்த அளவுக்கு வளரவே இல்ல. 2000க்கு அப்புறம் செர்னும் அதுல இருந்து வெளிய வந்துச்சு. அதுக்குள்ள செர்ன்ல நடந்த காம்பஸ் சோதனையோட டேட்டா சுமார் 300 டெராபைட் உள்ள போயிருந்துது. அத்தனையையும் டேப்ல இருந்து இறக்கி, வடிவம் மாத்தி, திரும்ப டேப்புல ஏத்தினாங்க. அந்த அனுபவத்தை 2003 செப்ல கட்டுரையாவே படிச்சாங்க. "நாங்க இதைத் தேர்ந்தெடுத்தோம், இப்போ இப்படி வெளிய வந்தோம்"னு மேடையில சொல்ற துறை எத்தனை இருக்கு சொல்லுங்க.

இன்னைக்கு எல்ஹெச்சி டேட்டாவுல பெரும்பகுதி ரூட் கோப்புலதான் இருக்கு.

25.10.2024, காலை 8.00

சின்னதா ஒண்ணு. "செப்ல உலகத்துக்குப் பயன்படுற மாதிரி எதாவது வந்திருக்கா"ன்னு ஒரு தம்பி நக்கலா கேட்டிருக்கார். 1992 செப்டம்பர், பிரான்சுல அன்னசி. அந்த செப்போட பொது அமர்வுல டிம் பெர்னர்ஸ்-லீ தன் படைப்பு ஒண்ணை ஓட்டிக் காட்டினார். பேரு வேர்ல்டு வைட் வெப். நீங்க நக்கல் பண்ணிட்டிருக்கிறது அதுக்குள்ள இருந்துதான் தம்பி.

25.10.2024, காலை 8.40

இல்ல, வெப் அங்க பிறந்ததுன்னு நான் சொல்லல. யோசனை 1989லயே செர்ன்ல எழுதினது. அன்னசியில காட்டினார், அவ்வளவுதான்.

செர்ன் வளாகத்துல இருக்கிற நடராஜர் சிலையைப் பத்தி இதோட மூணு பேர் எழுதிட்டீங்க. ஆமா, இந்தியா 2004ல குடுத்தது. ட்ரிக்கருக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்ல. அடுத்த கேள்விக்குப் போவோம்.

25.10.2024, இரவு 9.30

"அணுக்கருவுக்கு ஏன் தனியா இடம்?" நல்ல கேள்வி. அலிஸ் டிடெக்டர்ல ஈய அணுக்கருவை ஈய அணுக்கருவோட மோத விடுவாங்க. ஒரு மோதல்ல ஆயிரக்கணக்கான தடம். அதோட பெரிய வாயுக் குடுவை மெதுவான ஜாதி: ஒரு மோதலோட மின்னணுக்கள் வந்து சேரறதுக்குள்ள அடுத்தடுத்த மோதல் உள்ள புகுந்துடும். எதை எங்க வெட்டுறது? அதனால வெட்டாம, குழாயைத் திறந்து விட்ட மாதிரி நொடிக்கு 3.5 டெராபைட் தொடர்ந்து வெளிய எடுத்து, ஓடும்போதே சுருக்கி வைக்கிறாங்க. முதல் பதிவுல நீங்க கேட்டதுக்கு, "எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்க வேண்டியதுதானே"ங்கிறதுக்கு, ரொம்பக் கிட்ட வர்றது இவங்கதான். அந்த வகையில நீங்க சொன்னது முழுத் தப்பும் இல்ல. நான்தான் அவசரப்பட்டு இட்லியை இழுத்துட்டேன்.

27.10.2024, மாலை 5.00

ஞாயிற்றுக்கிழமை. மாநாடு முடிஞ்சுது. இந்த இழை ஓடுற ஓட்டத்துல எனக்கே ஒரு ஆசை வந்து, பரண்ல இருந்து என் பழைய சிடி டப்பாவை இறக்கினேன். மார்க்கர்ல "ஃபைனல்", "ஃபைனல் 2", "இதுதான் ஃபைனல்". மூணாவதுல 2005ல நான் பண்ணின ஹெச்புக் என்டூப்பிள், அதாவது பெரிய எண் அட்டவணை ஒண்ணு இருந்துது. சிடி டிரைவ் வீட்டுல இல்ல. தெருமுனை ஜெராக்ஸ் கடையில இருக்கிற பழைய கம்ப்யூட்டர்ல போட்டு பென்டிரைவ்ல ஏத்திட்டு வந்தேன். கடைக்காரர் "கல்யாண வீடியோவா சார்?"ன்னார்.

ஹெச்2ரூட்னு ஒரு சின்ன நிரல் உண்டு, பழைய கோப்பை ரூட்டா மாத்தும். அதைக் கட்டுறதுக்கு செர்னோட பழைய நிரல் தொகுப்பு செர்ன்லிப் வேணும், அதைக் கட்டுறதுக்கு ஃபோர்ட்ரான் கம்பைலர்கிட்ட கெஞ்சணும். மூணு மணி நேரம் போச்சு. திறந்துடுச்சு! 2 லட்சத்துச் சொச்சம் வரிசை, ஒரு எண் கெடல. பத்து நெடுவரிசை. பேரு: எக்ஸ்1, எக்ஸ்2, எக்ஸ்3… எக்ஸ்10.

எக்ஸ்7னா என்ன?

அந்தக் காலத்துல மாறிக்கு எட்டு எழுத்துக்குள்ள பேர் வைக்கணும். எனக்கு எட்டே அதிகமா இருந்திருக்கு, ரெண்டுலயே முடிச்சிருக்கேன்.

27.10.2024, இரவு 10.45

முதல் நாள் நான் எழுதினதை மாத்திக்கிறேன். அளவுதான் பிரச்சனைன்னு சொன்னேன். என் கோப்பு 9 மெகாபைட். அதை வாட்ஸ்அப்ல அனுப்பலாம். இடம் இருக்கு, வடிவம் இருக்கு, திறக்குது. எக்ஸ்7ங்கிறது நாலு பைட் எண்ணுன்னு அந்தக் கோப்புக்குத் தெரியும். அது எதோட எண்ணுன்னு எனக்குத் தெரியல, எழுதினவன் நான்.

செப்ல டேட்டா பாதுகாப்பு அமர்வுன்னு ஒண்ணு இருக்கும். இளவட்டங்க அந்தப் பக்கமே வராது. ஏஐ அமர்வுல நிக்க இடம் இருக்காது, இங்க காப்பி கப்பை அடுத்த நாற்காலியில வெச்சுட்டு உக்காரலாம். அங்க திரும்பத் திரும்பக் கேட்கிற பேரு ஜேட். ஜெர்மனியில ஹாம்பர்க் ஊர்ல, டெசிங்கிற ஆராய்ச்சி மையத்துல, பெட்ரா முடுக்கியில 1979ல இருந்து 1986 வரை ஓடின சோதனை. அணுக்கருவைக் கட்டி வைக்கிற வலுவான விசையோட வலிமை ஆற்றலைப் பொறுத்து எப்படி மாறுதுன்னு பாக்க, 14ல இருந்து 44 ஜிஇவி (ஆற்றலை அளக்கிற அலகு, துகளோட நிறையையும் இதுலதான் சொல்லுவாங்க) வரையிலான அந்த டேட்டா பின்னாடி தேவைப்பட்டுச்சு. வேற எந்த முடுக்கியும் அந்த இடத்துக்குத் திரும்பிப் போகல. சீக்ஃபிரீட் பெத்கே குழுவினர் பழைய நாடாக்களைத் தேடிப் பிடிச்சு, பழைய ஃபோர்ட்ரானை உயிர்ப்பிச்சு, புது கோட்பாட்டோட ஒப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டாங்க. அதுல ஒரு தகவல்: ஒளிர்வு அளவுக் கணக்கு, அதாவது எத்தனை மோதலுக்கு வாய்ப்பு இருந்துச்சுங்கிற கணக்கு, நாடாவுல கிடைக்கல. அச்செடுத்த தாள்லதான் இருந்துது. ஆளை உக்கார வெச்சுத் திரும்ப டைப் அடிச்சாங்க.

காகிதம் காப்பாத்துச்சு. என்கிட்ட காகிதமும் இல்ல. என் நோட்டுப் புத்தகங்கள் அப்போ இருந்த நிறுவனத்துல வெள்ளையடிக்கிறப்போ போயிடுச்சு. எடைக்குப் போட்டிருப்பாங்க.

28.10.2024, காலை 9.10

"பொதுவுல போட்டிருந்தா யாராவது சொல்லியிருப்பாங்களே"ங்கிறார் ஒருத்தர். பெரிய சோதனைகள் போடுறாங்க. செர்ன் திறந்த டேட்டா தளம் 2014 நவம்பர்ல திறந்துச்சு. 2016ல சிஎம்எஸ் மட்டும் ஒரே வீச்சுல சுமார் 300 டெராபைட்டை அதுல வெச்சுது. (ஆமா, இதுவும் 300தான். காம்பஸும் 300. நான் அடிச்சு விடல, அப்படி அமைஞ்சு போச்சு.) டேட்டாவோட விளக்கமும், ஓட்டுறதுக்கான மெய்நிகர் கணினியும் சேத்தே வெச்சாங்க. அந்த விளக்கம் எழுதுறதுதான் கஷ்டம். அதை எழுதினா முனைவர் பட்டம் கிடைக்காது.

28.10.2024, இரவு 11.55

கண்டுபிடிச்சுட்டேன்!!

எக்ஸ்7ஐ எடுத்து ஹிஸ்டோகிராம், அதாவது எந்த எண் எத்தனை தடவை வருதுங்கிற பட்டை வரைபடம் போட்டேன். 0ல இருந்து 10 வரை, 100 கட்டம். முதல்ல தட்டையா வந்து, மெல்ல ஏறி, 3.1ல ஒரு கோபுரம். இயற்பியல் படிச்சவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். 3.097 ஜிஇவி, ஜே-சை! 1974ல ரெண்டு குழு தனித்தனியா கண்டுபிடிச்சு ஆளுக்கொரு பேர் வெச்ச துகள். அது உடையறப்போ ரெண்டு மியூவான் (எலெக்ட்ரான் மாதிரி, ஆனா கனமான துகள்) வரும். எக்ஸ்7 அந்த ரெண்டு மியூவானோட கூட்டு நிறை. பேரே இல்லாட்டியும் டேட்டா தானே வாயைத் திறந்து பேசிடுச்சு. நேத்து ராத்திரி எழுதின புலம்பலை எல்லாம் வாபஸ் வாங்கிக்கிறேன். தூக்கம் வரல.

29.10.2024, காலை 6.50

ராத்திரி 1 மணிக்கு ஒருத்தர் ஒரே ஒரு வரி எழுதியிருக்கார்: "அண்ணே, கோபுரத்துக்கு வலது பக்கம் என்ன இருக்கு?"

இப்போ போய்ப் பாத்தேன். ஒண்ணுமில்ல. சுத்தமா ஒண்ணுமில்ல. ஜே-சைன்னா டிடெக்டரோட துல்லியக் குறைவால உச்சிக்கு ரெண்டு பக்கமும் வழிஞ்சிருக்கணும். இது செங்குத்தா நிக்குது. மேக்சிமம் கேட்டேன். 3.14159.

பை. அது கோணம். ரெண்டு மியூவானும் எதிரெதிர் திசையில போனா நடுவுல பை ரேடியன், 180 டிகிரி. அதான் கடைசிக் கட்டத்துல கூட்டம் சேந்திருக்கு. அதுக்கு மேல போக எந்த மியூவானாலயும் முடியாது.

இருபது வருஷம் இந்தத் துறையில இருந்துட்டு, ஒரு கட்டத்தோட அகலம் 0.1ன்னு தெரிஞ்சும், 3.1னு பாத்த உடனே குதிச்சிருக்கேன். வீட்டுல வேற எழுப்பிச் சொல்லிட்டேன்.

29.10.2024, இரவு 10.20

வலது பக்கம் கேட்ட தம்பி கோயமுத்தூர்ல மூணாவது வருஷம் படிக்கிறாராம். அடுத்த செப் 2026ல பாங்காக். தம்பி, சுருக்கம் ஒண்ணு எழுதி அனுப்புங்க. போஸ்டரை மேல் பெர்த்துல வைக்காதீங்க.

3.11.2024, மாலை 4.30

எக்ஸ்1ல இருந்து எக்ஸ்3 வரை உந்தம், சந்தேகமில்ல. எக்ஸ்4 ஓட்ட எண். எக்ஸ்7 கோணம். எக்ஸ்8க்கு 91ல ஒரு மேடு இருக்கு, ரெண்டு பக்கமும் நல்லா வழியுது. இசட் துகளோட நிறை 91 ஜிஇவி, அதுதான் இதுன்னு இப்பவே ஆறு பேர் தனிச்செய்தி அனுப்பிட்டீங்க. முதல்ல மேக்சிமம் பாத்துட்டு வர்றேன்.